மலைக்கோயில் குரங்குகளுக்குப் பொன்னாடை

பொன்னாடை வாங்குவதென்றால் அலோர் ஸ்டாருக்குத்தான் போக வேண்டும். சுங்கை பட்டாணியிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் அந்தத் துணி இரண்டு நிகழ்ச்சிக்கு மேல் தாங்காது. லேசாக இழுத்தாலே ஓரம் கிழிந்துவிடும். நீளமும் போதாது. போர்த்திக்கொண்டவர் குளிக்கப் போகிறவர் மாதிரி தெரிவார். எங்கள் மலைக்கோயிலுக்குப் பல ஆண்டுகளாகப் பொன்னாடை வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். இன்ஸ்பெக்டர் குணாளன் அவர்களே, நீங்கள் கேட்டது இராசாத்தியின் சாவைப் பற்றி. பொன்னாடையைப் பற்றி அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

என் பெயர் சத்தியசீலன். லூனாஸ் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது புக்கிட் செலம்பாவில் சொந்த வீட்டில் மனைவி யோகேஸ்வரியுடன் இருக்கிறேன். கோயிலுக்குச் செயலாளர். வாக்குமூலத்தை நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று கேட்டேன், சம்மதித்தீர்கள். நன்றி. உங்கள் ஆள் முதலில் எழுதியதை வாசித்துப் பார்த்தேன். அதில் நான் ஒரு குரங்காட்டி போல வருகிறேன்.

எங்கள் கோயில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு பாறைக் குன்றின் மேல் இருக்கிறது. ரப்பர் இருந்த காலத்தில் தொழிலாளர்கள் வேல் நட்டுக் கும்பிட்ட இடம். இப்போது கோபுரம், மண்டபம், நிர்வாகம், நிர்வாகத்துக்குள் சண்டை எல்லாம் வந்துவிட்டது. குரங்குகள் மட்டும் அன்றிருந்தபடியே இருக்கின்றன.

தலைவர் குழந்தைவேலு. செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் வைத்திருப்பவர். நல்ல மனிதர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை, போகப் போகத் தெரியும். அவருக்கு ஒரே பலவீனம் பொன்னாடை. அதுவும் மஞ்சள் பொன்னாடை. மஞ்சள்தான் ராசி என்று யாரோ ஜோசியர் சொல்லிவிட்டாராம். ஆகவே எந்த நிகழ்ச்சியானாலும் மற்றவர்களுக்கெல்லாம் ஊதா வாங்குவேன். அவருக்கு மட்டும் அகலக் கரை போட்ட மஞ்சள். எங்கள் அறிவிப்பாளர் சிவநேசன் மைக்கில் தொண்டையைச் செருமி "அடுத்ததாக" என்பார். என்ன அடுத்தது என்று அவர் சொல்லும் முன்பே தலைவரின் கழுத்து முன்னால் நீண்டுவிடும். ஒருமுறை சிவநேசன் "அடுத்ததாக, வாகன எண் இன்னதன் உரிமையாளர் காரை நகர்த்தவும்" என்றார். அதற்கும் நீண்டது.

பணியில் இருந்த காலம் முழுவதும் நான் கரும்பலகையில் ஒரு நாயை வரைந்திருக்கிறேன். மணி அடித்தால் எச்சில் ஊறும் நாய். சோறு வருகிறது என்பதற்கு மணி அடையாளம். நாளடைவில் மணிக்கே எச்சில் ஊறும். இது எல்லாருக்கும் தெரிந்த பாடம். பாடநூலில் இல்லாத சில விஷயங்களை ஓய்வுக்குப் பிறகு வாசித்தேன். தீனி வருவதற்கு முன் ஒரு விளக்கு எரியும்படி பழக்கினால், சில விலங்குகள் விளக்கு எரிந்ததும் தீனித் தட்டுக்குப் போகும். சில விலங்குகள் தட்டை விட்டுவிட்டு விளக்கிடம் போகும். அதை நக்கும், கடிக்கும். தீனி இன்னொரு மூலையில் கிடக்கும், அடையாளத்தைத் தின்றுகொண்டிருக்கும். இன்னொன்று: வயிறு நிறையத் தின்று படுத்திருக்கும் விலங்குகூட விளக்கு எரிந்தால் எழுந்து ஓடும். பசிக்கு ஓடவில்லை, விளக்குக்கு ஓடுகிறது. அதை வாசித்தபோது எனக்கு எங்கள் நிர்வாகக் குழுவில் உள்ள அத்தனை பேரின் முகமும் வரிசையாக வந்து போனது. மரியாதையின் அடையாளம் துணி. இவர்கள் மரியாதையைத் தேடுவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். துணியை நக்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அந்த வியாதி இல்லை. இத்தனை ஆண்டுகளில் என் தோளில் யாரும் ஒரு பொன்னாடை போட்டதில்லை. வாங்கி வருகிறவன் நான், தட்டை ஏந்தி நிற்கிறவனும் நான். தட்டு ஏந்துகிறவனுக்கு யார் போடுவது? அதில் எனக்கு வருத்தம் கிடையாது. யோகேஸ்வரியிடம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் கேட்காதபோதும் சொல்லியிருக்கிறேன்.

இனிப் படிகளுக்கு வருகிறேன். பழைய சிமெண்டுப் படிகளை எடுத்துவிட்டுப் புதுப் படி கட்டினோம். பளபளவென்று கல். ஒவ்வொரு படியிலும் உபயதாரர் பெயர், பெரிய எழுத்தில். கீழ்ப்படி ஒன்றுக்கு இரண்டு குடும்பங்கள் அடித்துக்கொண்டன. மேல்படிகள் முழுவதும் தலைவர் குடும்பம். படிகள் விற்றுத் தீர்ந்தன. கைப்பிடிக்கு மட்டும் ஒருவரும் முன்வரவில்லை. காரணம் எளிது, கம்பியில் பெயர் எழுத இடமில்லை. செங்குத்தான குன்று, வழுக்கும் கல், பிடிக்க ஒன்றுமில்லை. கூட்டத்தில் நான் இதை எடுத்துச் சொன்னேன். பதிவில் இருக்கும்.

"சார், கைப்பிடி அப்பறம் பாத்துக்கலாம் லா," என்றார் தலைவர். "ஒய்.பி. வர்றதுக்குள்ள கல்லு முடியணும். கல்லுலதான பேரு இருக்கு."

எல்லாரும் தலையாட்டினார்கள். திறப்பு விழாவுக்கு அந்த ஒய்.பி., அதாவது எங்கள் சட்டமன்ற உறுப்பினர் வருகிறார், அவர் கையால் தலைவருக்கு மஞ்சள் பொன்னாடை என்று முடிவாயிற்று. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

யோசனை வேடிக்கையானது. மேடையில் தலைவர் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும்போது ஒரு குரங்கு வந்து பொன்னாடையைப் பிடுங்கிக்கொண்டு ஓட வேண்டும். ஊர் சிரிக்கும். வெட்கப்பட்டுத் தலைவர் திருந்துவார், கோயில் பொன்னாடையிலிருந்து மீளும். இதுதான் என் நோக்கம் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அதில் பொய் இல்லை. முழு உண்மையும் அதில் இல்லை என்பதுதான் விஷயம்.

குன்றின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது. கோயில் அலமாரியில் தலைவர் வாங்கிக் குவித்த மஞ்சள் பொன்னாடைகள் ஒரு மூட்டை. அதில் ஒன்றை எடுத்துப் போய்ப் பாறையில் விரித்தேன். குரங்குகள் பார்க்கும் வரை காத்திருந்து, பிறகு அதன் மேல் வாழைப்பழத்தை வைத்தேன். தினம் காலையில் நடைப்பயிற்சி போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு இதைச் செய்தேன். சில நாளிலேயே துணியை விரித்த மாத்திரத்தில் மரத்திலிருந்து இறங்க ஆரம்பித்தன. பிறகு ஒரு சாக்கில் தேங்காய் நார் திணித்து, ஆள் உயரத்துக்குக் கம்பில் கட்டி, தோள் என்று சொல்லக்கூடிய இடத்தில் பொன்னாடையைப் போர்த்தினேன். பழத்தை மடிப்புக்குள் வைத்தேன். பெரிய கடுவன் ஒன்று எப்போதும் முதலில் பாய்ந்து தோளில் உட்காரும். மற்றவை அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் வரும். நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் பட்டமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் டத்தோ என்ற பெயரையே அதற்கு வைத்தேன்.

அதன் பிறகு பழத்தைக் குறைத்தேன். ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. தினமும் கிடைத்தால் விலங்கு சாவகாசமாக வரும். கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஆக்கிவிட்டால் வெறி பிடிக்கும். துணியைக் கிழிக்கும், கடிக்கும், பழம் இல்லை என்று தெரிந்த பிறகும் விடாது. பக்கத்திலேயே பலாப்பழம் பழுத்துத் தொங்கிய காலத்தில்கூட டத்தோ அதை விட்டுவிட்டுத் துணிக்கு வந்தான். ஊரைச் சிரிக்க வைக்க முதல் பாடமே போதுமே, இந்த இரண்டாம் பாடம் எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் அப்போது என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நிறுத்தவும் பழக்கியிருந்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். காலி பிஸ்கட் டின்னை வைத்துக்கொண்டு அதன் மூடியால் தட்டுவேன். தட்டியதும் துணியையும் பழத்தையும் எடுத்துவிட்டுத் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பேன். பிறகு தண்ணீர் தேவைப்படவில்லை. மூடியைக் கட்டைவிரலால் டக் டக் என்று அழுத்தினாலே போதும், எல்லாம் மரத்துக்குப் போய்விடும். தொடங்கத் தெரிந்தவனுக்கு நிறுத்தவும் தெரிய வேண்டும். நான் கொடுமைக்காரன் அல்ல.

பயிற்சிக்கு எடுத்த பொன்னாடையை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்தேன். காய்ந்ததும் கண்ணாடி முன்னால் நின்று ஒருமுறை போர்த்திப் பார்த்தேன். நீளம் சாக்குக்குச் சரியாக வருமா என்று பார்ப்பதற்காக. யோகேஸ்வரி உள்ளே வந்தாள்.

"என்னங்க இது, யாருக்குக் கல்யாணம்?"

"அளவு பாக்குறேன்."

"இவ்ளோ நேரமாவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு எதிலும் சிரிப்புதான்.

தொட்டிப் பக்கம் யாரும் வரமாட்டார்கள் என்று சொன்னேன். இராசாத்தி வந்தாள். படி கூட்டுகிறவள். ரப்பர் வெட்டினாள், செம்பனை வந்த பிறகு உரம் போட்டாள், முட்டி தேய்ந்த பிறகு கோயிலுக்கு வந்தாள். கணவன் இல்லை. மகள் காஞ்சனா கூலிம் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அத்தனை படிகளையும் தினமும் கூட்டியவள் இராசாத்தி. ஒரு படியிலும் அவள் பெயர் கிடையாது. அன்று காய்ந்த இலையை அள்ளிக்கொண்டு வந்தவள், சாக்கின் தோளில் டத்தோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"என்னா சார் இது, கொரங்குக்கெல்லாம் பொன்னாடையா?"

"சும்மா ஒரு ஆராய்ச்சி. யார்கிட்டயும் சொல்லாத."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன் லா. எத்தன வருசமா கூட்டுறேன், எனக்கு ஒரு துண்டு போட்டதில்ல. இவனுக்குப் போட்டுட்டீங்களே."

மூடியைத் தட்டினேன். குரங்குகள் போயின. அவளுக்கு அது மந்திரம் போல இருந்தது. இன்னொரு தடவை செய்யச் சொல்லிச் சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள். செய்து காட்டினேன். போகும்போது துணியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு எனக்கும் போடச் சொல்லுங்க சார். காஞ்சனா போன்ல ஒரு படம் எடுத்து வச்சிருவா. எங்கிட்ட நல்ல படமே இல்ல. நாளைக்கு செத்தா ஐசி கார்டுல இருக்குற படத்தையா பெருசு பண்ணி மாட்டுறது?"

"சொல்றேன், சொல்றேன்," என்றேன். அவள் அதன் பிறகு இதைப் பற்றி ஒருவரிடமும் பேசவில்லை. இந்த விஷயத்தில் என்னைக் கடைசி வரை காப்பாற்றியது அவள்தான்.

விழாவுக்கான பொன்னாடைகளை வாங்க அலோர் ஸ்டாருக்குப் புறப்பட்டபோது தலைவர் தொலைபேசியில் அழைத்தார். "ஊதால ஒண்ணு கூடவே வாங்கிருங்க சார். யாராச்சும் விட்டுப் போயிரக் கூடாது." வாங்கினேன். அதை யாருக்கென்று கேட்கவில்லை. புதிதாக யாரோ டத்தோ கிடைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடையை எங்கே போடுவது என்பதும் என் முடிவு. படிகள் ஏறி முடிகிற இடத்தில் ஒரு திட்டு இருக்கிறது. அங்கே போட்டால் படம் எடுக்கும்போது கோபுரம் பின்னால் அழகாக வரும் என்று சொன்னேன். தலைவருக்குப் பிடித்துவிட்டது. அவருடைய நாற்காலியைப் படி ஓரமாக நான்தான் போட்டேன். விழாவுக்கு முந்திய சில நாட்கள் தொட்டிப் பக்கம் போகவில்லை. போகாததும் பயிற்சியில் ஒரு பகுதிதான், ஏக்கம் கூட வேண்டும். இவ்வளவையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், பொன்னாடை மட்டும் போனால் போதும் என்று ஒருவன் நினைத்திருப்பானா என்று நேற்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. போதும் என்று நினைக்கவில்லை. அவர் விழ வேண்டும் என்றுதான் நினைத்தேன். தன் குடும்பத்தின் பெயர் பொறித்த மேல்படிகளிலிருந்து கீழ்வரை. கைப்பிடி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றவர் அவர்தானே.

விழா காலையில் நன்றாகவே தொடங்கியது. நாதஸ்வரம், குத்துவிளக்கு, மூன்று மொழியில் மூன்று வரவேற்புரை. இராசாத்தி அன்று துடைப்பம் எடுக்கவில்லை. பச்சைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மகளோடு மேல்படி ஓரத்தில் நின்றாள். உட்கார நாற்காலி இருந்தது, அவள் உட்காரவில்லை. நான் ஜிப்பா போட்டு, தட்டை ஏந்தி மேடைக்கு அருகில் நின்றேன். ஜிப்பாவின் வலது பையில் பிஸ்கட் டின்னின் மூடி இருந்தது. கூட்டத்தில் குழந்தை குட்டி இருக்கும், எல்லை மீறினால் நிறுத்த வேண்டும் என்றுதான் எடுத்துப் போயிருந்தேன்.

சட்டமன்ற உறுப்பினர் தலைவருக்கு மஞ்சள் பொன்னாடை போர்த்தினார். நான் தட்டைக் கீழே வைத்தேன். பலாமரத்தில் தலைகள் நிமிர்ந்தன. டத்தோ கிளை மாறினான். எல்லாம் சரியாக இருந்தது. அந்த நேரத்தில் தலைவர் சிவநேசன் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"இது எனக்கு வேணாங்க," என்றார். "எனக்கு நெறைய போட்டுட்டீங்க. இந்தப் படிய தெனமும் கூட்டுறது இராசாத்தி அக்கா. மழையோ வெயிலோ, ஒரு நாள் லீவு எடுத்ததில்ல. இது அவங்களுக்குத்தான் போய்ச் சேரணும்."

கூட்டம் கை தட்டியது. கோலாலம்பூரில் யாரோ ஒரு தலைவர் அப்படிச் செய்ததை அவர் பார்த்திருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அது நடிப்பா, உண்மையிலேயே மனசா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. மைக்கைச் சிவநேசனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் தோளிலிருந்து எடுத்து, இறங்கிப் போய், அவள் தோளில் போர்த்தினார். அவளுக்கு எப்படி நிற்பது என்றே தெரியவில்லை. பழகிய கழுத்தாக இருந்தால் குனிந்து கொடுத்திருக்கும். அவள் நேராக நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர். காஞ்சனா போனை உயர்த்திப் பிடித்து, "அம்மா, கைய எடும்மா, மூஞ்சி தெரியல," என்றாள். அவள் கையை எடுத்தாள்.

டத்தோ வந்தான்.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். நான் ஆசைப்பட்ட அதே சிரிப்பு. குரங்குக்கும் பொன்னாடை ஆசை வந்துவிட்டது என்று யாரோ சொன்னது, கூட்டத்தில் போனில் எடுத்த காணொளியில் கேட்கும். டத்தோ அவள் தோளில் ஏறி உட்கார்ந்தான். மற்றவை பின்னால் வந்தன, முனைகளைப் பிடித்து இழுத்தன. இராசாத்திக்கு அவற்றிடம் பயம் கிடையாது. முதலில் அவளும் சிரித்தாள். பிறகு டத்தோ கழுத்தருகில் கடித்தான். அவள் ஓர் அடி பின்னால் வைத்தாள். பின்னால் படி. கூட்டத்துக்குள் என்னைத் தேடி, கண்டுபிடித்து, நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"சார், டின்னு. டின்ன தட்டுங்க சார்."

அங்கிருந்த யாருக்கும் அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அவள் கை எதையாவது பிடிக்கப் பக்கவாட்டில் போனது. அங்கே கைப்பிடி இல்லை. தலைவர் பாய்ந்து பொன்னாடையின் ஒரு முனையைப் பிடித்தார். சுங்கை பட்டாணிப் பொன்னாடையாக இருந்திருந்தால் கிழிந்து குரங்கோடு போயிருக்கும். இது அலோர் ஸ்டார் துணி. கிழியவில்லை. குரங்குகளும் விடவில்லை. அது அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டு அவளைத் திருப்பிவிட்டது. அவள் விழுந்தாள், விடாமல் பிடித்த தலைவரும் அவளோடு பாதி தூரம் உருண்டார். அவருக்குக் கை முறிந்தது. நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா. அவள் கடைசிப் படி வரை போனாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள்.

காஞ்சனா எடுத்த படம் நன்றாக வந்திருந்தது. மஞ்சள் பொன்னாடையோடு கையை எடுத்துவிட்டுச் சிரிக்கும் படம். அதைத்தான் பெரிதாக்கி மாலை போட்டார்கள். இரங்கல் கூட்டத்தை நான்தான் ஏற்பாடு செய்தேன். பேசும்போது எனக்குக் குரல் தழுதழுத்தது, அது நடிப்பல்ல. கைப்பிடிக்கு அன்றே உபயதாரர் கிடைத்தார்கள். கம்பியில் இப்போது சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகளில் பெயர்கள் இருக்கின்றன. அதிகாரிகள் கூண்டு வைத்துக் குரங்குகளைப் பிடித்துப் போனார்கள். டத்தோவும் போனான். அவன் மீது பிழை சொல்ல ஒன்றுமில்லை. சொல்லிக்கொடுத்ததைச் செய்தான்.

அந்தக் காணொளி ஊர் முழுக்கப் போனது. அதில் நான் தலை குனிந்து கை கூப்பி நிற்பது தெரியும். "கண்ணெதிரே நடந்த கொடுமையைக் காணப் பொறுக்காத செயலாளர்" என்று வாட்சாப்பில் எழுதினார்கள். யோகேஸ்வரிகூட அன்று சிரிக்கவில்லை. எல்லாரும் என்னைத் தேற்றினார்கள். காஞ்சனா மட்டும் அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறாள். அம்மா கடைசியாகச் சொன்ன டின் எது, யாரிடம் கேட்டாள் என்று யோசித்திருக்கிறாள். அவள் உங்களிடம் வந்தாள், நீங்கள் தொட்டிப் பக்கம் போனீர்கள், சாக்கும் மஞ்சள் நூலும் மூடியில்லாத டின்னும் கிடைத்தன. மூடி என் ஜிப்பாப் பையில் இருந்தது. துவைக்கப் போட மனம் வராமல் அப்படியே மாட்டி வைத்திருந்தேன்.

ஏன் தட்டவில்லை என்று கேட்டீர்கள். மூடி பையில் சிக்கிக்கொண்டது என்றேன். பை பெரியது என்று நீங்கள் எடுத்துக் காட்டினீர்கள். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது என்றேன். காணொளியில் அவள் என்னைக் கூப்பிட்டதற்கும் விழுந்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று போட்டுக் காட்டினீர்கள். பழக்கியது நான்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்தேன், அதனால் தட்டாமல் அவளைச் சாகவிட்டேன் என்றேன். அதை நீங்கள் நம்பினீர்கள், எழுதிக்கொண்டு பேனாவை மூடினீர்கள். அது நல்ல காரணம். கணக்குப் போடத் தெரிந்தவனின் காரணம். அதிலேயே நின்றிருக்கலாம். ஆனால் ஒரு வாக்குமூலம் என்றால் முழுமையாக இருக்க வேண்டும், செயலாளராக இருந்த பழக்கம்.

காணொளியை இன்னொரு முறை போட்டுக் கேளுங்கள். காஞ்சனாவின் அலறலுக்கு முன்னால், சிரிப்புச் சத்தத்துக்கு அடியில், சிவநேசனின் குரல் கேட்கும். கூட்டம் வேறு பக்கம் பார்த்தால் சும்மா இருக்க முடியாத மனிதர் அவர், அடுத்ததை அறிவித்துவிடுவார். தொண்டையைச் செருமுகிறார். "அடுத்ததாக, இத்தனை ஆண்டுகளாகத் திரைக்குப் பின்னால் நின்று இந்த ஆலயத்துக்கு உழைத்த நம் செயலாளர், ஓய்வுபெற்ற நல்லாசிரியர், திருவாளர் சத்தியசீலன் அவர்களுக்கு..."

கூடுதலாக வாங்கச் சொன்ன அந்த ஒன்று எனக்குத்தான். தலைவர் எனக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்திருக்கிறார்.

அவள் "சார்" என்று கூப்பிட்டபோது என் கை பைக்குள் போய்விட்டது. மூடி விரலில் இருந்தது, கட்டைவிரலை அதன் நடுவில் வைத்துவிட்டேன். ஓர் அழுத்து, அவ்வளவுதான். அப்போது என் பெயர் கேட்டது. நான் மேடைப் பக்கம் திரும்பினேன். கையை வெளியே எடுத்தேன், மூடியை உள்ளேயே விட்டுவிட்டேன். கும்பிட இரண்டு கையும் வேண்டும் அல்லவா. கழுத்தைக் குனிந்து கொடுத்தேன். துக்கத்தில் குனிந்தது அல்ல. "டின்ன தட்டுங்க சார்" என்று அவள் இரண்டாவது முறை சொன்னதும் எனக்குக் கேட்டது. இன்னும் தோளில் ஒன்றும் விழவில்லையே என்று நான் காத்திருந்தேன்.

இவ்வளவுதான். சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதியிருக்கிறேன். அந்தத் துணி வியாதி எனக்கு இல்லை என்று தொடக்கத்தில் எழுதியதை அடிக்க வேண்டாம், அது இருக்கட்டும். ஒரு சின்ன உதவி மட்டும் கேட்கிறேன். என் பேருக்கு வாங்கிய அந்த ஊதாப் பொன்னாடை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கோயில் அலுவலக மேசையில் இருக்கும். உங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் போனால் எடுத்து வரச் சொல்லுங்கள். மஞ்சளும் ஊதாவும் ஒரே நீளம்தான். எனக்குச் சரியாக இருக்கும், அளந்து பார்த்திருக்கிறேன்.